முதுகைத் திருப்பிக்கொண்டு பார்த்த ஆட்டம்

சென்ற ஆண்டு, தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை. புக்கிட் ஜாலில் ஹாக்கி அரங்கத்துக்குத் தனியாகப் போயிருந்தேன். கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, வழியில் வேறு ரயில் மாறி, அங்கே போய்ச் சேருவதற்குள் 'பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடு' என்று மனம் நச்சரித்துக்கொண்டே வந்தது. என் கணவர் இறந்த பிறகு நான் பார்க்கப்போகும் முதல் ஆட்டம் அது. அவர் இல்லாமல் ஓர் ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்க முடியுமா என்றே எனக்குத் தெரியவில்லை.

அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகியதும் ஹாக்கி மட்டையைத்தான் தூக்குவார்கள் என்று பெருமையடித்துக்கொள்வார். எனக்கோ கல்யாணம் ஆகும்வரை ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. அவரோடு போய்ப் போய்த்தான் கற்றுக்கொண்டேன். கடைசியில் நடுவரைத் திட்டுவதில் அவரையே மிஞ்சிவிட்டேன்.

ஆனால் அவர் ஆட்டம் பார்க்கும் லட்சணம் இருக்கிறதே, அது யாருக்கும் வராது. நம் அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் அரங்கமே எழுந்து நிற்கும். கோல் போட அதைப்போல நல்ல வாய்ப்பு அபூர்வம். இவரும் எழுந்து நிற்பார், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! இவர் பார்த்தால் பந்து உள்ளே போகாதாம். எப்போதோ ஒருமுறை குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கோல் விழுந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அப்படித் திரும்பி நின்றால் பக்கத்தில் நிற்கும் என் முகம்தான் அவர் கண்ணில் படும். கோல் விழுந்ததா இல்லையா என்பதை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

"என் மூஞ்சியப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? வீட்லயே பாத்திருக்கலாமே" என்று கிண்டல் செய்வேன்.

"வீட்ல உன் மூஞ்சி இந்த மாதிரியா இருக்கு?" என்பார்.

அவர் மருத்துவமனையில் இருந்தபோதும் ஒரு நாள் ஆட்டம் வந்தது. கைப்பேசியை நான்தான் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெனால்டி கார்னர் என்றதும், திருப்பு என்று விரலை அசைத்தார். எழுந்து நிற்கத்தான் அவரால் முடியவில்லை, பைத்தியம் மட்டும் அப்படியே இருந்தது. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது. மனிதர் சந்தோஷப்படட்டுமே என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

"நடிக்காதலா. உன் மூக்கு விடைக்குது. கோல் இல்ல" என்றார்.

எங்கள் மகளும் அப்போது அங்கேதான் இருந்தாள். என்னை எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். நாங்கள் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டம் அது.

புக்கிட் ஜாலிலில் நாங்கள் எப்போதும் உட்காரும் பக்கமாகவே போய் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டேன். கையில் கச்சான் கடலைப் பொட்டலத்தோடு ஒருவர் வந்து, "ஆன்டி, இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்காரு" என்றது என் வாய். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கேட்டவரைத் திரும்பக் கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் முழுவதும் அந்த இருக்கை காலியாகவே கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு நம் ஆட்கள் முதலில் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஓட்டம் என்ன, பாஸ் என்ன! மூன்றாவது கால்பகுதி முடியும்வரை நாம்தான் முன்னிலை. கடைசிக் கால்பகுதி வந்ததும் வழக்கமான வியாதி வந்துவிட்டது. பந்தை முன்னே கொண்டு போகாமல், பயந்துபோய்ப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். மடமடவென்று கோல்களை வாங்கி, ஒரு கோல் பின்தங்கியும் விட்டோம். நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பதிலுக்கு 'பாவம், பசங்க களைச்சிட்டானுங்க' என்று பரிந்து பேச ஆள் இல்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் நமக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. நேரம் முடிந்தாலும் அதை ஆடிவிட்டுத்தான் முடிக்க வேண்டும் என்பது விதி. அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்தேன். என்ன தோன்றியதோ, அப்படியே மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். அவர் இருந்திருந்தால் அதைத்தானே செய்திருப்பார்.

எனக்கு நேர் பின் வரிசையில், துடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண் நின்றுகொண்டிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். நான் திரும்பி நிற்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவருடைய உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பிறகு அதுவும் நின்றுபோனது. கண்கள் விரிந்தன. ஒரு நொடி அந்த முகம் முழுக்க அப்படி ஒரு ஆசை, சின்னக் குழந்தையின் முகத்தில் வருமே, அது. மறு நொடி எல்லாம் அணைந்துவிட்டது.

கோல் இல்லை. தோற்றுவிட்டோம்.

இதைத்தானா இத்தனை வருடமும் என் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்? கிறுக்கு மனிதர், ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தைக் கோட்டை விடுகிறாரே என்று நான்தான் இரக்கப்பட்டிருக்கிறேன். அவர் எதையும் விடவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலி இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஆட்கள் இருப்பதையும் மறந்து அழுதேன்.

அந்தப் பெண் பதறிவிட்டார். ஒரு படி இறங்கி வந்து, என் தோளைத் தொட்டு, ஒரு டிஸ்யூவை எடுத்துக் கொடுத்தார். பரவாயில்லை அக்கா, அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துவிடுவார்கள் என்று மலாயில் ஆறுதல் சொன்னார். ஆட்டத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். நானும் தலையாட்டிவிட்டு, அவர் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வீடியோ காலில் அழைத்தாள். "எப்படிம்மா இருந்துச்சு? ஓகேயா இருந்தீங்களா?" என்று கேட்டாள். "ஜாலியா பாத்தேன், தோத்ததுதான் கடுப்பு" என்று சிரித்தேன். அவளும் நிம்மதியாகச் சிரித்துவிட்டு வைத்தாள். இப்போதெல்லாம் நான் எவ்வளவு மோசமாக நடித்தாலும் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.