தொரையின் குரல் நின்ற ஆண்டு

சென்ற வாரம் ஒரு காலையில் என் கைப்பேசி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு கண்விழித்தது. அன்று மதுரைக்குப் புறப்பட்டபோது, இத்தனை நாளும் எனக்கு வழி சொல்லிவந்த பெண்குரல் மறைந்து, வேறொருத்தி பேசினாள். இவளிடம் உச்சரிப்புப் பிழை குறைவு, தமிழும் திருத்தம். ஆனாலும் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்வரை அவளோடு எனக்கு ஒட்டவில்லை. பழையவளிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டதைப் போன்ற ஓர் உறுத்தல். ஓர் இயந்திரக் குரலுக்காகவா இப்படி வருந்துவது என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், வேறொரு குரல் இப்படிப் போனதும், அதோடு சேர்ந்து ஒருத்தியின் வாழ்வே திசைமாறியதும் நினைவுக்கு வந்தன.

அந்தக் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் தொரை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் நான் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். மாடியில் கணிப்பொறி ஆய்வகம். கோயிலுக்குள் நுழைவதைப் போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அதற்குள் நுழைய வேண்டும். குளிரூட்டியின் ஈரம், தரைவிரிப்பின் தூசி, எங்கள் தலைகளில் வாடிய மல்லிகை ஆகிய மூன்றும் கலந்த மணம் ஒன்று அங்கே எப்போதும் தேங்கி நிற்கும். இன்றும் எங்கேனும் பழைய தரைவிரிப்பை மிதித்தால் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றப் பார்க்கிறது.

அந்த நாளில் நான் ஒரு பேச்சாளர். இதை யாரும் கேட்கும்வரை நான் காத்திருந்ததில்லை, நானே சொல்லிவிடுவேன். விடுதியில் சாம்பார் நீர்த்துப்போனதைக் கண்டித்து, தோற்றம், வளர்ச்சி, தீர்வு என மூன்று பகுதியாகப் பிரித்து உணவுக்கூடத்தில் உரை நிகழ்த்தியவள் நான். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்தி அவையைப் பார்க்க வேண்டும், எந்தச் சொல்லில் வலக்கை எழ வேண்டும் என்பதெல்லாம் பழக்கப்பட்டுப்போய், காய்கறிக்காரரிடம் விலை கேட்கும்போதுகூடக் கை எழுந்துவிடும்.

விடுதியில் என் அறைத்தோழியும் மேடையில் என் இணையும் ஒருத்தியே. ஜெயராணி, ராயப்பன்பட்டிக்காரி. குழந்தையாயிருக்கும்போது வந்த காய்ச்சலில் பார்வையை இழந்தவள். பட்டிமன்றத்தில் முதற்பேச்சு என்னுடையது. எதிரணியை மறுத்து முடிப்பது அவள் பங்கு. மற்றவர்கள் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருக்க, அவள் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுந்ததும், எதிரணியினர் பேசிய வரிசையிலேயே ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து, உலர்ந்த துணியை மடிப்பதுபோல் மடித்து, அவர்களிடமே திருப்பிக் கொடுப்பாள். குரலை உயர்த்த மாட்டாள். கைகள் இரண்டும் மேசைமேல் அமைதியாக இருக்கும். நான் கைதட்டல் வாங்குவேன். அவள் தீர்ப்பை வாங்குவாள். அறைக்குத் திரும்பிய பிறகும் என்னை விடமாட்டாள். என் பேச்சில் எந்தெந்த வரி வெறும் சத்தம் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் உறங்குவாள்.

பள்ளியில் அவளுக்குப் பிரெயில் நூல்கள் இருந்தன. கல்லூரிப் பாடங்களுக்கு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்தான் தொரை. மதுரையிலிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தார் குறுந்தகடு ஒன்றைக் கொடுக்க, ஆய்வக உதவியாளர் முருகேசன் அண்ணன் அதை மூலையில் இருந்த கணிப்பொறியில் ஏற்றினார். அன்றுமுதல் திரையில் உள்ள எதையும் ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் வாசித்தது. சளி பிடித்த வெள்ளைக்காரர் ஒருவர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதைப் போலிருக்கும். ஜெயராணி அதன் வேகத்தைக் கூட்டிக் கூட்டி, எங்களுக்கெல்லாம் வண்டு இரைவதாக மட்டும் கேட்கும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டாள். தொரைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவளோ அந்த இரைச்சலுக்குள் அரசியலமைப்பையும் பொருளியலையும் கேட்டுக்கொண்டு, எதற்கோ புன்னகைத்தபடி இருப்பாள்.

தொரைக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தமிழ் நூல்களை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொடுக்கும் பணி எனக்கு. அவர் அதை வாசிக்கும் அழகைக் கேட்டால் தமிழ்த்தாய் எழுந்து வெளியே போய்விடுவாள். ஆனால் ஜெயராணிக்கு அந்தத் தமிழும் விளங்கியது. அவள் வைத்த நிபந்தனை ஒன்றே: முழுவதையும் தட்ட வேண்டும்.

“நல்லா இருக்குன்னு ஒனக்குத் தோணுறத மட்டும் அடிக்காதடி. நல்லா இல்லாததையும் அடி. அத நான் பாத்துக்கிறேன்.”

பன்னீர் திராட்சையின் மணம் எங்கே வந்தாலும் அவளுடைய அப்பா என் நினைவில் வந்து நிற்பார். விடுதிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கூடை பழம் கொண்டுவருவார். அவர் தோள் துண்டிலும் அதே மணம். மகளுக்குச் சட்டம் படிக்க ஆசை என்பதை அறிந்து, அதைத் தீர்மானிக்கவே ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்தார். தரைவிரிப்பை மிதிக்கத் தயங்கி அதன் ஓரமாகவே நடந்து மூலைக்குப் போனார். தொரை வாசித்தார், ஜெயராணி உடனுக்குடன் தமிழில் சொன்னாள். அவருக்கு அது போதவில்லை. மோட்டார் வாங்கப் போகிறவர் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்ப்பதுபோல, அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வேறெதையாவது திரையில் திறக்கும்படி முருகேசன் அண்ணனிடம் கேட்டுக்கொண்டார். பிறகு அவளை அழைத்தார். அதையும் அவள் சொன்னாள். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியதை நான் கண்டேன்.

“அடுத்தவுக கண்ண எத்தன நாளைக்கு எரவல் வாங்குறதுன்னுதேன் ஆத்தா பயந்தேன். இது இருந்தா யாரையும் கேக்க வேண்டாம்ல? அப்பப் படி.”

கல்லூரி முடிந்ததும் சட்டப் படிப்பு என்று அந்த மூலையில் முடிவாயிற்று.

அடுத்த கோடை விடுமுறைக்குப் பின், இறுதியாண்டுக்கு நாங்கள் திரும்பியபோது ஆய்வகத்தின் எல்லாக் கணிப்பொறிகளிலும் இயங்குதளம் மாற்றப்பட்டிருந்தது. திரையைத் திறந்தால் சாம்பல் நிறம் போய், நீல வானமும் பச்சைப் புல்மேடும். சுருளிப் பக்கம் எடுத்த படம் என்று ஒருத்தி சாதித்தாள். வழக்கமான சின்னங்கள் எல்லாம் எங்கோ ஒளிந்துகொள்ள, மூலையில் குப்பைத்தொட்டி மட்டும் எஞ்சியிருந்தது. முதலாண்டுப் பெண் ஒருத்தி பதறிப்போய், “அண்ணே, கம்ப்யூட்டர்ல கம்ப்யூட்டரக் காணோம்ணே,” என்று முருகேசன் அண்ணனிடம் முறையிட்டாள். அலுவலகத்தில் தட்டிய தமிழ்ச் சுற்றறிக்கை கட்டம் கட்டமாக அச்சாகி வந்தது. அதையும் முத்திரையிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அச்சுப்பொறி யாரையும் அறியாததுபோல் நின்றது. கோப்பு எதையேனும் தேடினால் திரையில் ஒரு நாய்க்குட்டி வந்து வாலாட்டியது. அதைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் இல்லாத கோப்புகளையெல்லாம் தேடினார்கள். நானும் தேடினேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே, மூலையில் ஜெயராணி காதொலிப்பானைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தாள். விசைகளைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். நாய்க்குட்டியை விட்டு என் கண் அவள் பக்கம் திரும்பியபோது, காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய குறுந்தகட்டைப் புதிய இயங்குதளம் ஏற்கவில்லை. முருகேசன் அண்ணன் செய்யாத முயற்சி இல்லை. ஒருமுறை எப்படியோ தொரை வாய்திறந்தார். ஒரு சொல்லின் பாதியிலேயே அடைபட்டு, திரை முழுவதும் நீலமாகிவிட்டது. அந்த ஒரு கணிப்பொறிக்கு மட்டுமாவது பழையதைத் திரும்ப ஏற்றலாமா என்று கேட்டோம். அவரால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கேட்டுப் பாத்துட்டேம்மா. எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்னு சொல்லிட்டாக. யாரும் மாத்த முடியாம பாஸ்வேர்டு வேற போட்டுட்டுப் போயிருக்காக.”

மதுரைத் தொண்டு நிறுவனத்தில் கேட்டபோது, புதிய இயங்குதளத்துக்கேற்ற குறுந்தகடு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். எப்போது கேட்டாலும் அது வந்துகொண்டேயிருந்தது.

நான் இருக்கிறேனே என்று ஜெயராணியிடம் சொன்னேன். மனமுவந்துதான் சொன்னேன், சற்றே பெருமிதமும் இருந்தது. தகர டப்பாத் தொரை எங்கே, தேனி மாவட்டமே அறிந்த என் குரல் எங்கே! தினமும் மாலையில் அவளுக்குப் பாடங்களை வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, உரிய இடத்தில் நிறுத்தி, சட்டப்பிரிவுகளுக்கும் உயிர் கொடுத்து வாசித்தேன். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

“நீ வாசிச்சா நீ சொல்றதுதான்டி கேக்குது. தொரை வாசிச்சா எழுதுனவுக சொல்றது கேக்கும்.”

சமமாக வாசித்துப் பார்த்தேன். முடியவில்லை. எனக்குப் பிடித்த வரி வந்ததும் நாக்கு தானாக மேட்டில் ஏறியது. பிடிக்காத வரியில் தானாகச் சரிந்தது. இன்னொன்றும் நிகழ்ந்தது. தொரையை ஒரே பத்தியைப் பத்துமுறை வாசிக்கவைத்தவள், என்னிடம் ஒருமுறைக்கு மேல் கேட்கவில்லை. கேளேன் என்றால், புரிந்துவிட்டது என்பாள். அவளுக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு தேனியில் நடந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு நாங்கள் போனோம். பெண்ணின் உயர்வுக்குப் பெரிதும் துணை நிற்பது கல்வியா குடும்பமா என்பது தலைப்பு. குலுக்கலில் எங்களுக்குக் கல்வி விழுந்தது. நான் முழங்கி அமர்ந்தேன். கடைசியில் ஜெயராணி எழுந்தாள். சொற்கள் என்னுடையவை; சான்றுகள் நான் தேர்ந்தவை; நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள், நான் உயர்த்தும் இடத்தில் உயர்த்தினாள். மேசைமேல் இருந்த வலக்கைகூட ஒருமுறை எழுந்தது. எதிரணியினரின் வாதங்களில் பாதியை அவள் தொடவேயில்லை. அரங்கம் அதிரக் கைதட்டியது. வரலாற்றில் முதன்முறையாக அவளுக்கு என்னைவிட அதிகமான கைதட்டல். இரு குரலில் ஒரே முழக்கம் என்று நடுவர் பாராட்டினார். முதற்பரிசு எங்களுக்கு.

திரும்பும் பேருந்தில் கோப்பை என் மடியில் இருந்தது. சின்னமனூர் தாண்டும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். அவள் சன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்திருந்தாள்.

“ரெண்டு தடவையும் நீயேதான பேசுன,” என்றாள். “நல்லாப் பேசுன. நான் எங்க பேசுனேன்?”

அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை.

தேர்வு முடிந்ததும் அவளுடைய அப்பா வந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். சட்டக் கல்லூரி வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்ட செய்தி பின்னர்தான் வந்தது. விடுவேனா? ராயப்பன்பட்டிக்குப் புறப்பட்டுப் போனேன். அவர் திராட்சைப் பந்தலுக்குள் இலை கழித்துக்கொண்டிருந்தார்; ஜெயராணியும் அங்கே இருந்தாள். அங்கே குனிந்துதான் நிற்க முடியும். என் வாழ்விலேயே சிறந்த உரையை முதுகு வளைந்த நிலையில் நிகழ்த்தினேன். கை எழுந்தபோதெல்லாம் காய்க்கொத்தில் இடித்தது. அவளுக்குக் கண்ணாக, குரலாக நான் இருப்பேன், கல்லூரிதோறும் உடன் வருவேன், இரவெல்லாம் வாசிப்பேன் என்றேன். அவர் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு இறுதிவரை கேட்டார்.

“நல்லாப் பேசுறம்மா. ஒன் மனசு யாருக்கும் வராது. நாளைக்கு ஒனக்கு ஒரு கல்யாணம் ஆகிப் போயிட்ட பெறகு?”

மறுப்புரை எப்போதும் அவள் பங்கு. பழக்கத்தால் அவள் பக்கம் திரும்பினேன். பந்தற்காலைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளால் அந்தக் கேள்வியை எடுத்து மடித்து அவரிடமே திருப்பித் தந்திருக்க முடியும். தரவில்லை. அவரும் அவள் முகத்தைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

புதிய குறுந்தகடு வந்துசேர்ந்தது. சான்றிதழ் வாங்கப் போயிருந்தபோது முருகேசன் அண்ணன் என்னை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். தொரையின் சளி குணமாகியிருந்தது. தெளிவான, பண்பட்ட குரல். அதைக் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை. வேறு யாருக்காவது பயன்படும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அணைத்துவிட்டார்.

அந்த ஆய்வகம் இப்போது இல்லை. தேர்வுத்தாள் அடுக்கும் அறையாகிவிட்டதாம். பார்வையற்றோர் எதையும் தாமே கேட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது; தமிழிலும் கேட்கலாம். ஜெயராணியும் கேட்கிறாள். அண்ணன் குடும்பத்தோடு அதே ஊரில் இருக்கிறாள். செய்தியும் சந்தை விலையும் வீட்டில் எல்லோருக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகின்றன. அப்பா இல்லை.

சென்ற முறை அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தேன். சட்டம் படித்தவர்களால் இந்த நாட்டில் ஒரு நன்மையும் விளைந்ததில்லை, படிப்பே வீண் என்று, முழுக்க ஓட்டைகளால் ஆன ஒரு வாதத்தைக் கட்டி அவள்முன் வைத்தேன். குழந்தைகூட அதை ஒரு விரலால் தள்ளிவிடும். சொல்லிவிட்டு, அவள் தலை சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்றாள். “காப்பி ஆறுது பாரு, குடி.”