விடுமுறைக்கு வரும் அத்தை

நெய்வேலியில் எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் கொஞ்சம் செம்மண் தரை. அதில் அப்பா, அம்மா, நான், தம்பி, தொட்டிலில் ஒரு கைக்குழந்தை, அப்பாவின் அக்கா என்று ஆறு பேர் இருந்தோம். அப்பா மைன்ஸில் ஃபிட்டர். அத்தை, அம்மாவின் கடைசிப் பிரசவத்துக்கு ஒரு மாதம் கூடமாட இருப்பதற்காகத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. திரும்பிப் போக அவருக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் மாமா இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் ஜாடைதான். அத்தை மேல் கோபம் வந்தால் அம்மா தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம், நமக்கே காலை நீட்ட இடமில்லை, இல்லையாடா ராஜா என்பாள். அத்தை அதற்கு அடுப்பில் கொதிக்கும் குழம்பிடம் பதில் சொல்வார். அப்பா இரண்டையும் கேட்டுக்கொண்டு பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். குடும்பத்தின் அத்தனை விவகாரமும் பேச்சு வராத அந்தக் குழந்தைக்குத்தான் முதலில் தெரியும்.

அஞ்சாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் ஆரம்பித்தார்கள். டீச்சர் ஒரு பெரிய படத்தை ஆணியில் மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்வார். நாங்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். குடும்பப் படம். அதில் ஆளுக்கு ஒரு வேலை. அப்பா குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவார். அவருக்கு நைட் ஷிப்ட் எல்லாம் கிடையாது. அம்மா சமைப்பாள். அண்ணன் பந்து விளையாடுவான், தங்கை பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அத்தை மட்டும் படத்தின் ஓரத்தில், கையில் பெட்டியோடு வாசலில் நின்றாள். அவள் லீவுக்கு வருவாள், மிட்டாய் கொண்டுவருவாள், பிறகு ஊருக்குப் போய்விடுவாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுந்து நின்று, எங்கள் வீட்டில் அத்தைதான் சமைக்கிறார், அதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். படத்தில் இருப்பதைச் சொன்னால் போதும் என்றார் டீச்சர். திங்கட்கிழமை ஒவ்வொருத்தராக முன்னால் வந்து சொல்ல வேண்டும், அதற்குள் வீட்டில் யாரிடமாவது சொல்லி, தமிழில் அர்த்தமும் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். தப்பாகச் சொன்னவர்களை அவர் பெஞ்சு மேல் ஏற்றுவார். எனக்கு அந்தப் பயம்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து, பண்ருட்டியிலிருந்து அப்பா வாங்கிவந்த பலாப்பழத்தை அரிந்துகொண்டிருந்தார். பால் ஒட்டாமலிருக்க இரண்டு கையிலும் எண்ணெய். என் பாடத்தைக் கேட்பதில் அத்தைக்கு ஒரு ஆசை உண்டு. முதலில் இங்கிலீஷில் சொல்லச் சொல்வார், புரியாமலே தலையாட்டுவார், பிறகு தமிழில் கேட்பார். அப்பாவும் அம்மாவும் அறைக்குள் இருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

அப்பா குடையோடு ஆபீஸ் போவதைச் சொன்னபோது அத்தை சிரித்தார். அம்மா சமைக்கிறாள் என்றதற்குச் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சரி, அதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார்.

"அத்தை லீவுக்கு வருவாங்க. மிட்டாய் கொண்டுவருவாங்க. அப்புறம் ஊருக்குப் போயிருவாங்க."

திக்காமல், சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் வீடு சத்தமில்லாமல் இருந்ததைக் கவனித்தேன். உள்ளே அம்மா தொட்டில் ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். அப்பா பேப்பரைப் புரட்டவில்லை. அத்தை திறந்த கதவைப் பார்த்தார். சுளை எடுத்த கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இது பாடம் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றைச் சொன்னால் அதுவும் ஜாடையாகத்தான் கேட்கும் என்று தோன்றியது. சும்மா இருந்துவிட்டேன். அத்தை மீதிச் சுளையையும் எடுத்து வைத்துவிட்டு, சீயக்காய் போட்டுக் கை கழுவினார்.

மறுநாள் காலை எல்லோருக்கும் இட்லி ஊற்றிக் கொடுத்த பிறகு, துணிப்பையோடு வந்து தொட்டிலருகே நின்றார். ஊருக்குப் போயிட்டு வர்றேன்டா என்று குழந்தையிடம் சொன்னார். இருங்களேன் மதினி என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. அப்பா பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே ஓடினேன். விருத்தாசலம் போய் அங்கே ரயில் பிடிக்க வேண்டும். பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது டீச்சர் சொல்லிக்கொடுத்தது, யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன்.

"பாடம்னு தெரியாமயா இருக்கேன்?" என்றார் அத்தை. முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். "உங்கப்பன் உள்ள கேட்டுக்கிட்டுத்தானே இருந்தான். அது பாடந்தான்க்கான்னு ஒரு வார்த்தை வந்து சொன்னானா?"

அத்தை ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார். "ஓடிப்போயி அவனைக் கூட்டியா. பஸ் வர்றதுக்குள்ள வந்து வாக்கான்னு கூப்பிட்டா நான் வந்துர்றேன்."

பத்து மாதத்தில் அத்தை யாரிடமும் நேராகக் கேட்டது அது ஒன்றுதான். நான் ஓடினேன். ஒரே மாதிரியான வீடுகள், ஒரே மாதிரியான தெருக்கள், மூச்சு முட்ட ஓடியும் எங்கள் பிளாக் வரவே மாட்டேன் என்றது. அப்பா வாசலில் நின்றிருந்தார். அத்தை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அம்மா தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. மிதித்தால் ஐந்து நிமிஷம், பஸ் வருவதற்குள் அத்தையைக் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிடலாம். நான் ஏறப் போனேன். அப்பா தடுத்தார்.

"பின் டயர்ல காத்து இல்லம்மா. உருட்டிக்கிட்டே போவோம்."

நான் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தேன். விரல் இறங்கவில்லை, அப்படிக் கெட்டியாக இருந்தது. நிமிர்ந்தபோது அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்காவை வா என்று கூப்பிடவும் அவரால் முடியவில்லை, போ என்று சொல்லவும் முடியவில்லை. அப்பா சைக்கிளை உருட்ட ஆரம்பித்தார். நானும் அவரைப் போலவே மெதுவாக, பக்கத்தில் நடந்து போனேன்.