பெண் பார்க்கும் நாளில் ஆண் கொசு

போன ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில் ஒரு பெண் பார்க்கும் வைபவம். பெண்ணின் அப்பா குமரேசன் என் நண்பர். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம் செய்தவர். இப்போது இங்கே வீடு கட்டிக் குடிவந்திருக்கிறார்.

உள்ளே நுழைந்ததுமே அவர் மனைவி வசந்தா என்னைச் சமையலறைப் பக்கம் ஓரங்கட்டினார்.

“அண்ணா, பொண்ணு வேலையைப் பத்தி கேட்டாங்கன்னா, லேப்ல ஆபீசர்னு மட்டும் சொல்லுங்க. அந்த வார்த்தை வேணாம். ஏற்கெனவே ரெண்டு எடம் அதாலதான் தட்டிப் போச்சு.”

எந்த வார்த்தை? மலடு!

மகள் நித்யா ஐரோப்பாவில் ஒரு கொசுப் பண்ணையில் வேலை பார்க்கிறாள்; இப்போது லீவில் வந்திருக்கிறாள். ஆமாம், பண்ணைதான்... கொசுவை ஒழிக்கக் கொசு வளர்க்கிறார்கள்! உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட புலிக்கொசு நம் ஆசியக் கண்டத்துச் சரக்கு. பழைய டயர்களில் முட்டையாக ஒட்டிக்கொண்டு — விசா, பாஸ்போர்ட் எதுவும் இல்லாமல் — அங்கே போய்க் குடியேறிவிட்டது. போன இடத்தில் டெங்குவையும் பரப்புகிறது. மருந்தடித்து மாளவில்லை.

அதனால் இந்த வழி. ஆண் கொசுக்களை மட்டும் பிரித்து, கதிர்வீச்சு கொடுத்து, மலடாக்கி ஊருக்குள் பறக்கவிடுகிறார்கள். ஆண் கொசு யாரையும் கடிக்காது. அதோடு ஜோடி சேர்ந்த பெண் கொசு முட்டையிடும், ஆனால் பொரிக்காது. சளைக்காமல் வாரா வாரம் விட்டால், கொசு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எதிரி வீட்டுக்கே மாப்பிள்ளை அனுப்புகிற தந்திரம்! இதை யோசித்த தலைக்கு ஒரு கும்பிடு போட வேண்டாமா?

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் மாட்டி, மாப்பிள்ளை வீட்டார் தாமதமாகத்தான் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி ஆயிற்று. மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்.

“பொண்ணு அங்க என்னா வேலை பண்ணுது?”

“லேப்ல...” என்று இழுத்தேன். வசந்தா கண்ணாலேயே மிரட்டினார்.

நித்யா முந்திக்கொண்டாள். “கொசு வளக்கறேங்க.”

அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள்.

“கூட்டுப்புழுவுல ஆண் சின்னது, பொண்ணு பெருசுங்க. சல்லடை மாதிரி ஒண்ணுல போட்டுப் பிரிப்போம். எங்கப்பா மல்லாட்டை சலிப்பாரு, அதே வேலைதான். அப்புறம் ஆண் கொசுவை மலடாக்கி வெளிய விட்டுடுவோம்.”

வசந்தா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல என்னா பேச்சும்மா இது?” அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

மூன்றாவது சம்பந்தமும் போச்சு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நித்யா மேல் கோபம்கூட வந்தது. ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

“இன்னைக்கு மறைச்சா தினமும் மறைக்கணுங்களே...” என்றாள், என் மனதைப் படித்த மாதிரி.

அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா, காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“கல்யாணமாயி ஏழு வருஷம் கழிச்சுதான் இவன் பொறந்தான். அந்த ஏழு வருஷமும் எனக்கு அந்த வார்த்தைதான் பேரு. ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட்டதில்ல. யார் வாயிலயாவது வந்துடுமோன்னு பயந்து நானும் எங்கயும் போவமாட்டேன். அதே வார்த்தையை வச்சி இந்தப் பொண்ணு ஊரைக் காப்பாத்துது. சொல்லட்டுமே. சத்தமா சொல்லட்டும்!”

அத்தை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அப்படிக் கூப்பிட்டவர்களில் அவரும் ஒருவரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவே தாம்பூலத் தட்டை எடுத்து நீட்டினார். வசந்தா அழுதுகொண்டே வாங்கினார். அதன் பிறகு மாப்பிள்ளைப் பையனும் நித்யாவும் பேசியது பூராவும் கொசுவைப் பற்றித்தான்!

கொசுவுக்கு அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்... மனுஷிக்கு வேண்டாமே!