கொழும்பில் காப்பி, மதராஸில் சோறு

எங்கள் வீட்டில் ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேரும்வரை துடைப்பத்தைத் தொடக் கூடாது. கூட்டினால் போகிறவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியதாகிவிடுமாம். அப்பாவுக்குக் கொழும்பில் மளிகைக்கடை. அவர் கப்பலேறும் நாட்களிலெல்லாம், தூத்துக்குடிக் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலில் நறநறவென்று நடந்துதான் நாங்கள் வளர்ந்தோம். சாயங்காலம் கிளம்பும் கப்பல் விடிந்தால் கொழும்பு. அம்மா அதற்கு மேலும் ஒரு பொழுது பொறுத்துத்தான் கூட்டுவாள்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் அந்தக் கணக்கு குழம்பிப்போனது. மதராஸில் பெரியப்பா வீட்டில் தாத்தா சாகக் கிடந்தார். கப்பலும் ரயிலும் மாறி அப்பா போய்ச் சேரும்வரை தாத்தா தாங்குவாரா என்பதே எல்லோருக்கும் கவலை. அப்போது அப்பாவின் தந்தி வந்தது. இன்று காலை ஆகாய விமானத்தில் மதராஸ் புறப்படுகிறாராம்.

அம்மாவின் தம்பியான என் மாமா துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அவர்தான் தந்தியைப் படித்துச் சொன்னார். "கொழும்புல காப்பி குடிச்ச அத்தான் மத்தியானச் சோத்தை மதராஸ்ல சாப்பிடுவாவ. நீ பாட்டுக்கு வீட்டைக் கூட்டுக்கா."

"போலே கிறுக்கா. இங்கன இருந்து திருநெல்வேலி போயிட்டு வரவே பொழுது சாஞ்சிருது" என்றாள் அம்மா.

எனக்கோ தலைகால் புரியவில்லை. என் அப்பா பருந்துக்கும் மேலே உட்கார்ந்து போகிறார்! மொட்டைமாடியில் ஏறி வானத்தையே பார்த்து நின்றேன். விமானம் யாழ்ப்பாணம் வழியாகப் போகும், இந்தப் பக்கமே வராது என்று மாமா கீழிருந்து கத்தியதை நான் காதில் வாங்கவில்லை. கொழும்பு என்றால் ராத்திரி முழுக்கக் கப்பலில் வாந்தி. மதராஸ் என்றால் கண்ணெல்லாம் கரித்தூள் விழும் ரயில். எல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுமென்றால், நடுவில் கிடந்த அத்தனை தூரமும் எங்கே போயிற்று? யோசிக்க யோசிக்க உடம்பு சிலிர்த்தது.

விளக்கு வைத்தபின் பெரியப்பாவின் தந்தி வந்தது. அப்பா மத்தியானமே வந்துவிட்டார், தாத்தாவுக்கு நினைவிருக்கிறது, மகனோடு பேசினார். அம்மா அதை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். விளக்கு வைத்தபின் கூட்டக் கூடாது என்று இன்னொரு சட்டம் இருந்ததால் அன்றும் மணலில்தான் படுத்தோம்.

மறுநாள் தாத்தா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையோடு அப்பா ரயிலில் வந்து இறங்கினார். நான் அவரைத் துளைத்தெடுத்தேன். மேலிருந்து பார்த்தால் மேகமெல்லாம் நம் உப்பளத்தில் குவித்த உப்பு மாதிரி இருக்கும், கடலில் தோணிகள் நெல்மணி மாதிரிக் கிடக்கும் என்றார். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அம்மா, தாத்தா கடைசியாக என்ன பேசினார் என்று விசாரித்தாள்.

அப்பா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார். "எப்பலே கிளம்புனன்னு கேட்டாவ. இன்னிக்குக் காலையிலதான்னேன். 'அம்புட்டுப் பக்கமாலே? அப்போ உங்கம்மை சாகும்போது வந்திருக்கலாமே'ன்னாவ."

அப்பாவின் தாயார் இறந்தது யுத்த காலத்தில். எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது விமானம் ஏது? கப்பலுக்குக் காத்துக் கிடந்து அப்பா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ தாத்தா கேட்டது நியாயமாகவே பட்டது. அப்பா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அவர் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.