பாலமுனையில் முதல் தேத்தண்ணி

மட்டக்களப்பிலிருந்து வந்து, காலை ஏழு மணிக்குக் கல்முனையில் அடுத்த பஸ் ஏறினேன். பாலமுனைக்குத் தூரம் இருபது கிலோமீற்றருக்குக் கிட்டத்தான். ஆனால் காரைதீவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, நிந்தவூரில் நடத்துநர் ஆறுதலாக இடியப்பம் வாங்கிவந்து, போய்ச்சேர எட்டேகால் ஆகிவிட்டது. வேறு நாளென்றால் சண்டை பிடித்திருப்பேன். அன்று ஒலுவில் பக்கத்து வயற்காற்றில் என் கோபம் எங்கோ போய்விட்டது.

நான் பார்க்கப் போன பள்ளித்தோழன் நியாஸ் ஓமானில் வேலை செய்கிறான். பூமிக்குள் மிக ஆழமாகத் துளையிட்டு, மணலும் இரசாயனமும் கலந்த தண்ணீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை வெடிக்கவைத்து, உள்ளே அடைபட்ட எரிவாயுவை எடுக்கும் வேலை. விடுமுறைக்கு வந்தவன் சும்மா இருந்தானா? மனைவி பரீதாவின் சீதன வீட்டில், கிணறு ஆழம் போதாதென்று குழாயை ஆழ இறக்கிப் பெரிய மோட்டரும் பூட்டிவிட்டான். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கும். ஆழம் போனால் உப்பு. வந்ததும் உப்புத்தான்.

வெள்ளிக்கிழமை பரீதாவின் தங்கைக்குக் கலியாணம். விருந்துச் சமையலுக்கு இந்தக் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். குழாயை மேலே தூக்கி, கிணற்றை ஆறவிட்டு, நான் போன அன்றுதான் மறுபடி தண்ணீர் எடுத்தார்கள்.

"ஊருலகத்துப் பாறையெல்லாம் உடைச்சவரு, எங்கட மணலுக்குத் தோத்திட்டாரு நானா" என்று பரீதா அண்ணன் முறை சொல்லி என்னிடம் சிரித்தாள்.

"அந்த ஓமான் வேலை நல்லதா, கூடாததா?" என்று நியாஸிடம் கேட்டேன்.

"ரெண்டும்தான் மச்சான். நிலக்கரிய விடப் புகை குறைவு. நாட்டுக்குக் காசு, எங்களுக்குச் சோறு. ஆனா ஒரு காஸ் கிணத்துக்கே குளக்கணக்குல தண்ணி போகும். திரும்பி வாற தண்ணிய வாயில வைக்க ஏலா. சில நாடுகள்ல நிலம் நடுங்கினதாயும் கதைக்காங்க."

"காஸ் தட்டுப்பாட்டுல வெறும் சிலிண்டரோட லைன்ல நிண்டவ நான். காஸ் வேணாம் எண்டு சொல்லமாட்டன்" என்றபடி பரீதா அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட ஒரேயொரு கோப்பைத் தேத்தண்ணியைத் தட்டில் கொண்டுவந்தாள். விருந்தாளிக்குத்தானே முதல் கோப்பை என்று கையை நீட்டினேன். தட்டைத் திருப்பிவிட்டாள்.

"நானா, நீங்க இரிங்க. கிணத்தக் கெடுத்தவரு முதல்ல குடிக்கட்டும்!"

நியாஸ் ஒரு மிடறு குடித்தான். கதவோரம் கல்யாணப் பெண் மூச்சுவிடாமல் நின்றாள். அவன் முகத்தைச் சுளித்தான்.

"சீனி காணா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கல்யாணப் பெண் கத்திய கத்தலில் கோழிகள் ஓடின. குறை சீனியில்தான், உப்பில் இல்லை; எனக்கும் பெரிய நிம்மதி. இரண்டு கோப்பை குடித்தேன்.

பதினொரு மணிக்கு வழியனுப்ப இருவரும் தெருவுக்கு வந்தார்கள். பஸ் வரும் சத்தம் கேட்டது.

"இஞ்ச குழாயத் தூக்கினீங்க, சரி. அங்க உடைச்ச பாறைய என்ன செய்யிற? அந்தத் தண்ணி கெட்டா முதல் தேத்தண்ணிய ஆரு குடிக்கிறது?" என்று பரீதா திடீரென்று கேட்டாள்.

நியாஸ் செருப்பைப் பார்த்தான். "அங்க வேலை செய்யிற எங்களுக்குப் போத்தல் தண்ணி தருவாங்க புள்ள."

நான் பஸ் ஏறினேன். மட்டக்களப்பில் வீட்டுக்கு வந்து காஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. அந்தப் பதில்தான் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.