வெள்ளை மண் பூசிய சுவர்

கமலா அக்காவின் வாடகை வீட்டுக்குள் நுழைந்ததுமே ஈரக் களிமண் வாசனை. பழுதான வீடுகளைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் பேசிச் சரிசெய்ய வைப்பதுதான் என் வேலை. வீட்டுக்காரர் வருவதற்குள் பூஞ்சைச் சுவரில் வெள்ளை மண்ணைப் பூசி வைத்திருந்தார் அக்கா.

அம்மாவும் இப்படித்தான். வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியில் சிந்திய வெள்ளை மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். வீட்டுக்காரர் வரும் நாளில் சுவர் பளிச்சென்றிருக்கும். "வூட்ட நல்லா வச்சிருக்கீங்க" என்று போய்விடுவார். குறை சொன்னால் காலி பண்ணச் சொல்வாரோ என்று அவளுக்குப் பயம். பூஞ்சையால் தங்கைக்கோ மூச்சிழுப்பு நின்றபாடில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காதான் மண் கரைத்த சட்டியைப் பிடுங்கினார். "பூசாத. அவரு கண்ணால பாக்கட்டும்." பார்த்தார். மறுவாரமே கொத்தனார் வந்தார்.

"தொடச்சிடலாங்கக்கா" என்றேன்.

"காலி பண்ணச் சொல்லிட்டா?"

"நான் பேசறேன். இங்கதான் இருக்கப்போறேன்."

இருவரும் ஈரத்துணியால் துடைத்தோம். கருப்புச் சுவர் வெளியே வந்தது. வீட்டுக்காரர் வந்து அதை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"இவ்ளோ நாளா ஏன் சொல்லல?" என்றபடி கொத்தனாருக்குப் போன் போட்டார்.

அவர் வந்ததும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்ட வெள்ளைக் கைகளை அக்கா மெல்ல வெளியே எடுத்தார்.