போலந்துக்காரியின் தாய்க்குப் பல்வலி

எங்கள் வேலையிடத்தில் காலை எட்டரைக்கு உட்கார வேண்டும். விரும்பினால் உட்காரலாம் என்பதல்ல, உட்கார வேண்டும். ஒஸ்லோ நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு காப்புறுதிக் கம்பனியின் நாலு மாடிக் கட்டடத்தைத் துப்பரவு செய்கிறவர்கள் நாங்கள். நிலத்துக்குக் கீழே எங்களுக்கென்று ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேசை, இரண்டு கதிரைகள், ஒரு கோப்பி மெசின். எட்டரைக்கு மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு, தாளில் சுற்றிக் கொண்டுவந்த பாண் துண்டை மேசையில் வைத்துக்கொண்டு, அரை மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இளைப்பாறுவதையும் ஒரு வேலையாகச் செய்யச் சொல்கிற நாடு இது. சரி, பழகிவிட்டேன். ஆனால் மூன்று மாதமாக எனக்கு எதிரே இருக்கும் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. அதில் இருக்க வேண்டியவள் அந்த நேரத்தில் நாலாம் மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பெயர் பெயாத்தா. போலந்துக்காரி, முப்பது வயதும் இராது. ஐரோப்பாவின் கதவு அவர்களுக்குத் திறந்த பிறகு பஸ்ஸிலும் மலிவு விமானத்திலும் வந்து இறங்கியவர்களில் ஒருத்தி. விசா வேண்டாம், அகதி முகாம் வேண்டாம், ஏன் வந்தாய், எந்த வழியால் வந்தாய் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு குடைந்து குடைந்து கேட்க ஆளில்லை. எனக்கு அவள் மேல் பொறாமை. எரிச்சல் என்றும், வேலை பற்றிய கவலை என்றும், பொது அக்கறை என்றும் அதற்கு நல்ல நல்ல உடுப்புப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அளவாக இல்லை. எங்கள் சூப்பர்வைசர் மாடிப்படியில் அவளைக் கண்டால் "ஃபிளிங்க்!" என்கிறார். கெட்டிக்காரி என்று அர்த்தம். பதினேழு வருடமாக இந்தக் கட்டடத்தில் அந்தச் சொல் எனக்கு மட்டும்தான் சொந்தமாக இருந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். இரண்டு கிழமைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, தாய்க்குப் பல்லுப் பிடுங்க வேண்டும், கூட நிற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்து நின்றாள். ஒரு பல்லுக்கு! என் அம்மா ஊரில், உரும்பிராயில் இறந்தபோது சண்டையால் பாதை பூட்டியிருந்தது. செத்தவீட்டை நாலு மாதம் கழித்து வீடியோ கசெட்டில் பார்த்தேன். படம் பிடித்த பெடியன் பாதி நேரம் பந்தலையும் வந்திருந்த ஆட்களையும்தான் எடுத்திருந்தான். அம்மாவின் முகம் வந்த இடத்தில் நிறுத்திவைத்தால் படம் நடுங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெறுமையாகக் கிடந்த கதிரை என்னுடையது. எதிரே கேர்ட் இருப்பார். அறுபதை நெருங்கிய நோர்வேஜியப் பெண். முதுகுவலிக்காக வீட்டிலிருந்து ஒரு பூப்போட்ட மெத்தையைக் கொண்டுவந்து தன் கதிரையில் போட்டிருந்தார். ஆளுக்கு இரண்டு மாடி. ஆறு மணிக்குத் தொடங்கும் வேலைக்கு நான் ஐந்தரைக்கே வந்து, வரவு அட்டையைத் தட்டாமலே மொப்பைப் பிடித்துவிடுவேன். எட்டரைக்கும் இருக்க மாட்டேன். மேலதிகாரி வரும்போது கதிரையில் இருந்து சாப்பிடுகிற பிள்ளையாகவா என்னை வளர்த்தார்கள்? அவர் தலை தெரிந்தால் எழும்பி நிற்பேன். அப்படி எழும்புவதைவிட இருக்காமலே விடுவது சுகமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு வடையும் சுட்டுக்கொண்டு போவேன். இதை வாசிக்கும் எங்கள் ஆட்கள் சிரிக்க வேண்டாம். மீன் தொழிற்சாலையிலும் ஹோட்டல் சமையலறையிலும் நீங்களும் இதைத்தான் செய்தீர்கள். தமிழர் என்றால் நல்ல வேலைக்காரர் என்று பெயர் வாங்கினோமே, அது இப்படி வாங்கிய பெயர்தான்.

ஒரு நாள் கேர்ட் கையில் கோப்பிக் குடுவையோடு மாடிக்கு வந்து என் தள்ளுவண்டிக்குக் குறுக்கே நின்றார்.

"கீழே வந்து இரு. நீ ஓடினால் நானும் ஓட வேண்டிவரும்."

சொன்னது விளங்கியது. ஏன் சொன்னார் என்பதுதான் விளங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, கேர்ட்டுக்கு என்னைப் பாக்கப் பொறாமை. நான் கெதியாச் செய்யிறன் எண்டு அவவுக்கு ஒரே எரிச்சல்."

"வெள்ளையள் அப்பிடித்தான். நீ உன்ர பாட்டுக்குச் செய்" என்றார் அவர்.

என் பாட்டுக்குச் செய்தேன். இரண்டு மாதத்தில் சூப்பர்வைசர் ஒரு கிரீம் கேக்கைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். என் வடைக்குப் பதில் மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போனேன். கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்: இனி மூன்று மாடி எனக்கு, ஒரு மாடி கேர்ட்டுக்கு. அப்படியென்றால் கேர்ட்டுக்கு இனி அரைநேர வேலைதான். கேர்ட் தன் துண்டை முழுதாகச் சாப்பிட்டார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அடுத்த வருடம் முதுகு ஒத்துவராமல் வீட்டோடு நின்றுவிட்டார். மெத்தையை மறந்து போனாரா, வேண்டுமென்றே விட்டுப்போனாரா தெரியாது. அதற்குப் பிறகுதான் நான் எட்டரைக்கு உட்காரத் தொடங்கினேன், அவருடைய கதிரையில். மற்றக் கதிரைக்குப் பலர் வந்தார்கள், போனார்கள்.

இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் படித்தவர்கள் மாறி மாறி வந்து, வந்தேறிகளால் இந்த நாட்டுக்கு லாபமா நட்டமா என்று வாதாடுகிறார்கள். ஒருவருடைய வரைபடத்தில் கோடு ஏறுகிறது, மற்றவருடையதில் இறங்குகிறது. இரண்டிலும் கேர்ட்டின் முதுகை நான் காணவில்லை. ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் ஆட்கள் கூடும் பிறந்தநாள் விழாக்களிலும் இதே கதைதான். "போலந்துக்காரர் வந்து வேலையளைப் பழுதாக்கிப் போட்டினம். இவையை ஏன் உள்ளுக்கு விட்டவங்கள்?" என்று என் கணவர் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு கேட்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து, புதிதாக மாபிள் பதித்த குளியலறையில் கால் கழுவுகிறார். அதைப் பதித்தவர்கள் இரண்டு போலந்துக்காரர், பற்றுச்சீட்டு இல்லாமல், நோர்வேஜியன் கேட்டதில் பாதிக்கு. நானும் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நல்ல சுறுசுறுப்பான பெடியள் என்று மெச்சினேன்.

போன கிழமை ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். ஒவ்வொரு மாடிக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று சூப்பர்வைசர் மணிக்கூட்டோடு வந்து அளக்கப் போகிறாராம். பெயாத்தா அவளுடைய ஓட்டத்தை ஓடினால் என் மூன்று மாடிகளில் இரண்டு பறிபோகும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அட்டை தட்ட முதல் அவள் வேலை தொடங்குவதும் தெரியும், அது இங்கே விதிக்குப் புறம்பு. தொழிற்சங்கத்துக்கு நாலு வரி எழுதினால் போதும், அவளுடைய கதை முடிந்துவிடும். எழுதினேன். அந்தக் கடிதம் மூன்று நாள் என் கைப்பையில் என்னோடு ரயிலில் போய்வந்தது. நாலாம் நாள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கோப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறினேன்.

அவளுடைய வண்டிக்குக் குறுக்கே நின்று, "கீழே வந்து இரு. நீ ஓடினால் நானும் ஓட வேண்டிவரும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வசனம் கேர்ட்டுடையது, அதை இழுத்துச் சொன்ன விதமும் அவருடையதே. எனக்கு நோர்வேஜிய மொழி பழக்கியவரும் அவர்தானே.

பெயாத்தா நிமிர்ந்தாள். முகம் சிவந்து வேர்த்திருந்தது. தன்னிடம் இருந்த கொஞ்சச் சொற்களைத் தேடிப் பொறுக்கினாள்.

"நீ பொறாமை? என் மேல்?"

"யா" என்றேன். ஆச்சரியம், வெட்கமாகவே இருக்கவில்லை.

"நான் வேகம். அதனால்?"

"இல்லை. உன் அம்மாவின் பல்லுக்காக."

அவள் சற்று யோசித்தாள். பிறகு கன்னத்தில் கையை வைத்துக் காட்டி, "பல் இப்போது சரி. வலி இல்லை. விசாரித்ததற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு, மொப்பை வாளிக்குள் விட்டாள்.

அளந்த அன்று நானும் ஓடினேன், பொய் சொல்லக் கூடாது. என் முழங்காலுக்கு நாற்பத்தெட்டு வயது. இன்று காலை எட்டரைக்குக் கிரீம் கேக் வந்தது. மூன்று மாடி பெயாத்தாவுக்கு, ஒன்று எனக்கு. "நீங்கள் வெளிநாட்டுக்காரர் எல்லோரும் வேலையில் கெட்டிக்காரர்கள். உங்களால்தான் இந்தக் கட்டடம் துப்பரவாக இருக்கிறது" என்று எங்கள் இருவரையும் பார்த்து அன்பாகத்தான் சொன்னார் சூப்பர்வைசர். நான் இந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்து எத்தனையோ வருடம். அவர் போனார். பெயாத்தா நின்றபடி அவசர அவசரமாகக் கேக்கை விழுங்கினாள். போகிற போக்கில் என் கதிரையைக் காட்டிக் கேட்டாள்.

"அழகான மெத்தை. உன்னுடையதா?"

"கேர்ட்டுடையது. எனக்கு முதல் இங்கே வேலை செய்தவர். நோர்வேஜியப் பெண்."

"இப்போது எங்கே? அவருக்கு என்ன நடந்தது?"

"நான் ஓடினேன்" என்றேன்.

அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். கேக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த முறை அவளுக்கு விளங்கிவிட்டது. எதிரே இருந்த கதிரையை இழுத்து, நுனியில் அல்ல, முழுதாக உட்கார்ந்தாள். எனக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். மூன்று மாதத்தில் இவள் உட்காரப் பழகிவிட்டாள். எனக்கு அதற்குக் கேர்ட்டின் முதுகு தேவைப்பட்டது. வருகிற வெள்ளிக்கிழமை திரும்பவும் தாயிடம் போகிறாளாம், புதுப் பல்லுக் கட்ட. அங்கே அவளுக்கென்று ஒரு கதிரை இருக்கும். நான் என்னுடையதில் கொஞ்சம் பின்னால் தள்ளி இருந்து பார்த்தேன். மெத்தையின் நடுவில் கேர்ட் இருந்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது, என்னைவிட அகலமாக. இத்தனை வருடம் நான் இருந்தும் அது என் அளவுக்கு வரவில்லை.